கருவியை மறைப்பதா, கையில் கொடுப்பதா?



வீட்டில் ஒரு கதிரைக்கால் ஆடுகிறது. விழிப்புலன் இழந்த உங்கள் தம்பி, தானே திருத்துவதாகச் சொல்லிச் சுத்தியலையும் ஆணியையும் கேட்கிறார். கொடுப்பீர்களா? "காயப்பட்டுவிடுவானே" என்று மறுத்தால், அது அவர்மேல் உள்ள அன்பா, நமது அச்சமா?

1812இல் பிரான்சின் கூப்வ்ரே கிராமத்தில், சேணம் செய்யும் தந்தையின் பட்டறையில் விளையாடிய மூன்று வயது லூயி பிரெயிலின் கண்ணைத் தோல்வேலைக் கருவி ஒன்று குத்தியது. தொற்றினால் மறுகண்ணும் இருண்டது. ஆயினும் பெற்றோர் அவரை மூலையில் இருத்தவில்லை. தந்தை கைத்தடி செதுக்கிக் கொடுத்து, ஊர்ப்பாதைகளில் நடக்க விட்டார். அப்பிள்ளையே 1824இல், தமது 15ஆம் வயதில், புள்ளி எழுத்தை வகுத்தார். அவ்வெழுத்தைத் தாளில் குத்துவதும் ஒரு கூரிய முனைதான்!

இன்று விழிப்புலனற்றோர் தச்சுவேலையும் செய்கிறார்கள். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்கு ஒருமுறை 'கிளிக்' என்னும் அளவுகோலால் அளக்கிறார்கள். மின்வாளை நிறுத்தி, மின்தொடர்பைக் கழற்றிய பின்பே அலகைத் தொடுகிறார்கள். ஆபத்தே இல்லையென்று சொல்லவில்லை. பார்வையுள்ள தச்சனின் விரலிலும் தழும்பு உண்டு.

எரிக்கோவில் பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவருடைய குறை யாவருக்கும் தெரிந்திருந்தும், அவர் விரும்புவது என்னவென்று ஆண்டவர் கேட்டார். நாமோ கேளாமலே தீர்மானித்துவிடுகிறோம்.

ஆகவே சுத்தியலைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவர் வைத்த இடத்திலிருந்து அதை வேறு எவரும் நகர்த்தாதிருங்கள். அவர் உங்களிடம் வேண்டுவது இரக்கமல்ல, இந்த ஒழுங்கே.