வழிவிடும் வலிமை

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் நின்றால், கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் போகும் கப்பல்கள் தொடுவானில் ஊர்வது தெரியும். இதே கடலில், இலங்கையின் தென்கோடியில், மிரிஸ்ஸவுக்கும் தேவேந்திரமுனைக்கும் அப்பால், நீலத்திமிங்கிலங்கள் உலவுகின்றன. உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரிய இனம் அது.

20 மீற்றருக்கு மேல் நீளும் அந்த உடலுக்கு உணவு எது தெரியுமா? விரல் நீளம்கூட இல்லாத கூனி இறால்தான். கடித்துக் கிழிக்க அதற்குப் பல்லே இல்லை. வாய் நிறையக் கடல்நீரை அள்ளி, மேல்தாடையில் சீப்புப் போலத் தொங்கும் தகடுகளால் வடித்து உண்கிறது. மீனைப் போலத் தோன்றினாலும் அது நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது.

மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். அங்கேதான் ஆபத்து. உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று அவ்வழியே செல்கிறது. விரைந்து வரும் கப்பலுக்குச் சட்டென விலக அதற்குத் தெரியாது. மோதி இறந்தவை பல.

2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. பயணம் சற்றே நீண்டது. உயிர்களுக்கு வழி கிடைத்தது.

முட்டி மோதுவது வலிமையல்ல, வழிவிடுவதே வலிமை. இன்று நாம் யாருக்கு வழிவிடப் போகிறோம்?