ரிலீவர்

பகல் இரண்டு மணிக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறும். காலை ஆறு மணிக்கு உள்ளே போனவர்கள் வெளியே வருவார்கள். இரண்டு மணிக்காரர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட்டுக்குள் நுழையும் முன் கடைசி டீயைக் குடிப்பார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் ஒன்றாக நிற்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் ஐபிஎல் அணிகளின் தலையெழுத்து எழுதப்படும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு வினோதம் உண்டு. சென்னை இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு நாற்பதே கிலோமீட்டர். ஒரே பெஞ்சில் சென்னையின் மஞ்சளும் பெங்களூருவின் சிவப்பும் இடித்துக்கொண்டு உட்காரும். தமிழில் தொடங்குகிற சண்டை நடுவில் தெலுங்கைத் தொட்டு, கன்னடத்தில் போய் முடியும். வருஷா வருஷம் 'ஈ சல கப் நம்தே' (இந்த முறை கோப்பை நமதே) என்று சொல்லிக் கேலி வாங்கிய பெங்களூரு ஆட்கள், 2025 ஜூன் 3ஆம் தேதி கோப்பை கிடைத்ததிலிருந்து கொஞ்சம் கனமாகவே உட்காருகிறார்கள். அந்த வருஷம் சென்னை பத்தாவது இடம். பத்து அணிகள் ஆடும் போட்டியில் பத்தாவது இடத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த ஏப்ரல் மாதத்துப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் சென்னை கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. தோனி மறுபடியும் கேப்டன். அதற்கடுத்த வாரம் குர்ஜப்னீத் சிங் காயம் என்று செய்தி. தமிழ்நாட்டு ரஞ்சி அணியின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2024 அக்டோபரில் கோயம்புத்தூரில் சௌராஷ்டிராவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தவர். முப்பது லட்சத்தில் தொடங்கிய ஏலத்தில் 2.2 கோடிக்குப் போனார். ஐபிஎல்லில் ஒரு பந்துகூட வீசாமலே வெளியேறினார். அவர் இடத்துக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து டெவால்ட் பிரெவிஸ் வந்தார். பந்து வீசுகிறவன் போன இடத்துக்குப் பேட்ஸ்மேன்.

டீக்கடை துள்ளியது. "விடுறா, நல்லதுக்குத்தான்" என்றான் தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன். மே 7ஆம் தேதி ஈடன் கார்டனில் பிரெவிஸ் 25 பந்தில் 52 அடித்து மேட்சை வாங்கிக் கொடுத்ததும், நல்லதுக்குத்தான் என்பது உறுதியாகிவிட்டது. மிடில் ஆர்டரில் யார், டெத் ஓவர் யாருக்கு, சர்க்கிளுக்குள் பாயிண்டில் யாரை நிறுத்துவது என்று எல்லாமே பேசி முடித்தோம். பதினைந்து பேர் இருந்திருப்போம். குர்ஜப்னீத்துக்கு உடம்பில் எந்த இடத்தில் அடி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது.

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு ரிலீவர் என்றால் யாரென்று தெரியும். கன்வேயர் நிற்காது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து உங்கள் இடத்தில் நின்றபிறகே நகரலாம். எல்லா ஸ்டேஷன் வேலையும் அவருக்கு அத்துப்படி. அவருக்கென்று ஒரு ஸ்டேஷன் கிடையாது. அமெரிக்க பேஸ்பாலில் முதலில் எறிய வந்தவனின் கை தளர்ந்ததும் நடுவில் இறங்குகிறவனுக்கும் ரிலீவர் என்றுதான் பெயர். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் தனியாகச் சிரித்தேன். எங்கோ கிடக்கிற ஒரு விளையாட்டு எங்கள் லைன் பாஷையைப் பேசுகிறது.

வார்த்தையோடு போகவில்லை ஒற்றுமை. முட்டி சரியில்லாத பந்துவீச்சாளனைக் கேப்டன் எங்கே நிறுத்துவார் என்று கவனித்திருக்கிறீர்களா? டீப் மிட் விக்கெட்டில் நிறுத்தினால் ஓட வேண்டும், விழ வேண்டும், அங்கிருந்து எறியவும் வேண்டும். அதனால் ஷார்ட் ஃபைன் லெக்; சர்க்கிளுக்குள்ளேயே, பந்து அதிகம் வராத மூலை. நாலு ஓவர் முடிகிறவரை ஆளை அங்கே ஒளித்து வைப்பார்கள். ஃபேக்டரியில் இதற்கு 'லைட் வேலை' என்று பெயர். இடுப்பு பிடித்துக்கொண்டவனை பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைப்பார்கள். அந்த மேஜைக்குப் போனவனை நாங்கள் பார்க்கும் பார்வையில், ஷார்ட் ஃபைன் லெக்கில் நிற்பவனைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் கலந்திருக்கும்.

ஒருவன் உடைந்த இடத்தில்தான் இன்னொருவனுக்குக் கதவு திறக்கிறது. இதை எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனின் கதையே அதுதான். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்தில் ஆடியவர், தறி வேலைக்குப் போன அப்பாவின் பிள்ளை. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் விமானம் ஏறினார். வருண் சக்ரவர்த்திக்குத் தோளில் அடி. டி20 அணியில் நடராஜன் பெயர் சேர்ந்தது. அதன்பிறகு டெஸ்ட் தொடர். ஷமிக்குக் கை, உமேஷுக்குக் கெண்டைக்கால், ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், விஹாரிக்குத் தொடை, அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிற்றுத் தசை. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் மைதானத்தில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அன்றைக்கு இந்தப் பக்கமெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளை பாஸானது போல இருந்தது. அவர் கால் வைப்பதற்கு எத்தனை பேர் உடம்பு படிக்கட்டாக விழுந்தது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அன்றைய சந்தோஷம் கெட்டிருக்கும். தோன்றாததே நல்லது என்றும் ஒரு நேரம் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷமே மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரில் சாம் கரன் 90களில் நிற்கிறார். நடராஜன் ஆறு ரன்தான் கொடுத்தார். இந்தியா ஏழு ரன்னில் வென்றது. சரியாக ஒரு மாதத்தில் அவர் முட்டியில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு இந்தியச் சட்டை அவருக்கு வாய்க்கவில்லை. 2024இல் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட் எடுத்தார், டெல்லி 10.75 கோடி கொடுத்து வாங்கியது. 2025 முழுக்க ஆடியது இரண்டே மேட்ச். "அவ்ளோ காசு வாங்கிட்டு உக்காந்திருக்காரே" என்ற குரலும் இதே பெஞ்சில்தான் எழுந்தது. யார்க்கருக்குக் கைதட்டியவனின் குரல் அது.

யார்க்கர் எங்கிருந்து வருகிறது? ஓடி வந்த வேகம் முழுவதையும் முன்கால் ஒரே ஊன்றலில் தடுத்து நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் பாதத்தில் இறங்கி முட்டி வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்து, திருகிக்கொள்கிறது. வலக்கைப் பந்துவீச்சாளனுக்குக் கீழ்முதுகு எலும்பின் இடது பக்கத்தில்தான் பெரும்பாலும் மயிரிழை விரிசல் விடும். அது ஒரு பந்தில் விடுவதில்லை. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி. லேத்தில் வேலை பார்த்தவன் சட்டென்று புரிந்துகொள்வான். டூல் உடைகிற அன்றைக்கா உடைகிறது?

பும்ரா 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் இரண்டாவது நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார். ஐந்து டெஸ்டில் 151 ஓவருக்கு மேல், 32 விக்கெட். 2023இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்த அதே முதுகு. அடுத்து இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 'வொர்க்லோடு' என்ற சொல் டீக்கடைக்குள் நுழைந்தது அப்போதுதான். சிராஜ் ஐந்தையும் ஆடினார். 185 ஓவருக்கு மேல் வீசி, 23 விக்கெட் எடுத்து, ஆகஸ்ட் 4 அன்று ஓவலில் ஆறு ரன் வித்தியாசத்தில் ஜெயித்துக் கொடுத்தார். அன்றைக்குப் பெஞ்சில் கோர்ட்டே நடந்தது. "எட்டு மணி நேரம் நின்னுட்டு ஓ.டி.யும் பாக்கறோம். எங்க வொர்க்லோடை எவண்ணா கணக்குப் பாத்தான்?" என்றான் தர்மபுரிப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். சிராஜ் எங்கள் ஆள், பும்ரா ஆபீசர் என்று தீர்ப்பானது.

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் யோசித்தேன். முதலில் பொறாமை என்று தோன்றியது. பிறகு அப்படிச் சொல்வது அநியாயம் என்று பட்டது. எட்டு மணி நேரத்தில் ஒரே நெம்பலை ஆயிரம் தடவை செய்கிறவனுக்குத் தேய்மானம் தெரியாமலா இருக்கும்? மிக நன்றாகத் தெரியும். அவன் ஊரில் அது காயம் என்ற கணக்கிலேயே வராது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காதது, மாடிப்படி இறங்கும்போது முட்டி சத்தம் போடுவது, இதெல்லாம் வேலையோடு சேர்ந்து வந்தவை, யூனிஃபார்ம் மாதிரி. அதற்குப் பெயர் வைத்து, ஸ்கேன் எடுத்து, பெங்களூரு அகாடமியில் மாதக்கணக்கில் படுக்க வைத்துத் தேற்றி அனுப்புவார்கள் என்பதைக் கேட்கும்போது வருவது ஒருவிதத் திகைப்பு. அது சிரிப்பாக வெளியே வந்துவிடுகிறது.

பேஸ்பாலில் டாமி ஜான் என்று ஒருவர். எறிந்து எறிந்து இடது முழங்கையின் தசைநார் அறுந்துபோனது. 1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய வலது கையிலிருந்து நார் எடுத்து இடது முழங்கையில் பின்னித் தைத்தார். அதற்கு முன் அப்படி எறிகிற கை போனால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 164 ஆட்டங்களை வென்றார்; 1989 வரை எறிந்தார். இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான். எனக்குப் பிடித்த விஷயம் அந்த 164 அல்ல. ஸ்பேர் பார்ட் எங்கிருந்து வந்தது என்பது. கடையில் வாங்கவில்லை, அவர் உடம்பிலேயே இன்னொரு கையிலிருந்து. ஒரு கையின் வேலைக்கு மறு கை கொடுத்த விலை.

காயத்தை நாங்கள் எப்போதும் வெளியிலிருந்து வந்த ஒன்றாகவே பேசுகிறோம். நல்லா போய்க்கிட்டிருந்தான், நடுவுல காயம் வந்துருச்சு என்கிறோம். நடுவில் வரவில்லை. முதல் யார்க்கரிலேயே அது இருந்தது. புனேயில் நாங்கள் எழுந்து நின்று கத்திய அந்தக் கடைசி ஓவர், முட்டியால் செய்தது. கைதட்டலும் காயமும் ஒரே பந்து. காலியான இடத்தை நிரப்ப எங்களிடம் எவ்வளவு சரளமான பாஷை இருக்கிறது! பிரெவிஸ் வரட்டும், அவனை மூணாவதா இறக்கு, இவனை உள்ள நிறுத்து. அந்த இடம் ஏன் காலியானது, யார் உடம்பிலிருந்து காலியானது என்று கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் அதே கேள்வி திரும்பி நம் முட்டியைப் பார்க்கும்.

போன மாதம் ஒரு மதியம். ஆறு வாரம் ஈ.எஸ்.ஐ. லீவில் இருந்த ஒருவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். சூளகிரிப் பக்கத்துக்காரர், பெரிதாகப் பேச மாட்டார். பெஞ்சில் இடம் விட்டார்கள். "என்னண்ணா, லைட் வேலை குடுத்துட்டாங்களா?" என்றான் ஒருவன். கொடுத்துவிட்டார்கள் என்று தலையாட்டினார். "உங்க ஸ்டேஷன்ல யாரு நிக்கறது?" ரிலீவரையே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்களாம். "அவன் நல்லா பண்றானா?" பரவாயில்லை என்றார். பேச்சு அப்படியே அன்றைய மேட்சுக்கு நழுவியது.

பெங்களூரு கட்சியின் தலைவன் என்று நாங்கள் கேலி செய்யும் ஆனேக்கல் ஆள் ஒருவன், அதுவரை ஃபோனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்கினான்.

"யாவ கை, அண்ணா?"

அவர் டீ கிளாஸை வலது கைக்கு மாற்றினார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, தையல் போட்ட இடத்தைக் காட்டினார். எல்லோரும் கொஞ்சம் குனிந்து பார்த்தோம். கேட்டில் சைரன் ஒலித்தது.