கழிதலும் கழித்தலும்

ஒரு பொருள் எப்போது பழையதாகிறது? அதன் ஆற்றல் குன்றும்போதா, அன்றி அதனைச் சுற்றியுள்ள உலகம் அதனை விட்டு விலகும்போதா? எளிதாய்த் தோன்றும் இவ்வினாவிற்கு விடைகாணும் தேவை அண்மையில் நம் தில்லி இல்லத்திலேயே நேர்ந்தது.

நம் அன்னையாரின் கைப்பேசி 2014-ஆம் ஆண்டில் வாங்கப்பெற்றது. 2013-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 என்னும் இயங்குதளம் அதில் உள்ளது. எந்தப் படத்தைத் தொட்டால் கும்பகோணத்திலுள்ள தமக்கையாரின் முகம் தோன்றும் என்பதை, மறைந்த தந்தையார் அருகிருந்து கற்பித்திருந்தார். ஒரு நாள் மாலை அம்முகம் தோன்றவில்லை. செயலியைப் புதுப்பிக்குமாறு அறிவிப்பு வந்தது. புதுப்பிக்க முயன்றால், இக்கருவிக்கு அது பொருந்தாது என்று மறுமொழி வந்தது.

"பழசாகிவிட்டது அம்மா, தூக்கிப் போடுங்கள்" என்றோம்.

"மணி அடிக்கிறது, பேச்சும் கேட்கிறது. பழசு என்று யார் சொன்னது?" என்றார் அன்னையார். நம்மிடம் விடை இல்லை.

உண்மையில் நிகழ்வது என்ன? செயலி எல்லாப் பணியையும் தானே செய்வதில்லை. படமெடுக்கவும் ஒலி எழுப்பவும் இணையத்தை அணுகவும் இயங்குதளத்தின் துணையை நாடுகிறது. புதிய செயலி கேட்கும் துணையைப் பழைய தளம் அறியாது. கூகுள் நிறுவனமும் 4.4 தளத்திற்கான தன் சேவைப் பகுதியைப் புதுப்பிப்பதை 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. கருவி தேயவில்லை, அதனைத் தாங்கிய கைகளே விலகின.

கைவிட்டோர் பக்கமும் நியாயம் உண்டு. கடந்தகாலத் தளங்கள் அனைத்தையும் என்றென்றும் பேணுதல் எவர்க்கும் இயலாது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கருவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாளற்ற அறையில் நகைப்பெட்டியை வைப்பதை ஒக்கும். ஆதலின் மாற்றமே வேண்டா என்று வாதிடுதல் அறிவுடைமை ஆகாது.

மொழியில் காலவகையால் பழையன கழிவதைக் குற்றமன்று என ஏற்றவர் நன்னூலார். ஆயின் கழிதல் வேறு, கழித்தல் வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பழுத்த இலை உதிர்தல் கழிதல். பசிய இலையைப் பறித்தல் கழித்தல். கழித்தலைச் செய்வோன் ஒருவன் உளன். அவன் காரணம் கூறக் கடமைப்பட்டவன்.

அலுவலகத்தில் நாள்தோறும் கோப்புகளோடு உழலும் நமக்கு இது புதிதன்று. மைய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 217-ஆம் விதி, ஒரு பொருளைப் பயனற்றது என அறிவிப்பதற்கான காரணத்தை உரிய அதிகாரி பதிவு செய்தல் வேண்டும் என்கிறது. கால் ஒடிந்த நாற்காலிக்கும் அந்த மரியாதை உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும், விற்பனை முடிந்த பின் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடுகள் கிடைக்க வேண்டும் என்னும் விதியை 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இவ்விரண்டும் பழமையைக் காக்கும் விதிகள் அல்ல. கழிப்போரைப் பொறுப்பாக்கும் விதிகள்.

நாற்காலிக்குக் காரணம் எழுதும் நாம், பெற்ற தாய்க்கு ஒரு காரணமும் கூறாமல் "தூக்கிப் போடுங்கள்" என்றோம். அன்று இரவு அவர் அக்கருவியைத் தம் முந்தானையால் துடைத்துத் தலையணை அருகே வைத்ததைக் கண்டபோதுதான், நம் சொல் எங்கே சென்று தைத்தது என்பது விளங்கிற்று.

மறுநாள் அருகமர்ந்து எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். பொறுமையாய்க் கேட்டவர், "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். புதிய கருவி ஒன்று வந்தது. பழையதில் இருந்த வரிசையிலேயே அதில் படங்களை அமைத்தோம். மூன்றாம் நாள் தமக்கையாரின் முகத்தை அவரே வரவழைத்தார். தேவையற்ற செயலிகளை நீக்கிய பின் பழைய கருவி சற்று விரைந்து இயங்குகிறது. அதில் சேமித்த பாடல்களை இன்றும் கேட்கிறார்.

முன்னே செல்வது குற்றமன்று. பின்னே வருவோர்க்கு வழியும் காரணமும் சொல்லாமல் செல்வதே குற்றம். ஊர்விட்டு ஊர் வந்து, ஆண்டுதோறும் புதியன கற்று வாழும் நம் குடும்பங்கள், "பழசு" என்னும் சொல்லை வாய்விடுமுன் அதற்குரிய காரணத்தை நெஞ்சிலேனும் எழுதிப் பார்த்தல் நன்று.