தூசு துடைத்தலும் அன்பும்

மெல்லிய பொருளொன்றின்மீது படிந்த மாசினை நீக்கப் புகுவார்க்கு அன்பு ஒன்றே அமையுமோ, அறிவும் உடன்வேண்டுமோ என்னும் வினா சிறிதுபோலத் தோன்றினும், ஆராயுங்கால் தொண்டின் இலக்கணத்தையே தொடுவதாம். அதனை ஈண்டு மரத்தாலாகிய மாதிரிக் கப்பலை வைத்து ஆராய்வாம். திருக்கோயிற்றொண்டு இருக்கக் கப்பலுக்குப் போவானேன் எனின், கப்பலிடத்துச் செய்த பிழை மறைக்கவொண்ணாது வெளிப்படும் ஆகலின் என்க.

இலண்டனைச் சார்ந்த கிரீனிச்சில் 1937-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலக் கடற்படையின் பொருட்டுச் செய்யப்பட்ட மாதிரிக் கப்பல்கள் பல உள. மெய்க்கப்பலின் ஓரடியைக் காலங்குலமாக, அஃதாவது 48-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தல் அவற்றுட் பலவற்றின் அளவு. அடிப்பாகத்தைப் பலகையால் மூடாது, விலாவெலும்பு போன்ற வளைகட்டைகள் புறத்தே தோன்ற விடுதல் அவர்தம் மரபு. அவ்விடைவெளிகளின் வழியே நுண்டூசு உட்புகுந்து தங்கும். பாய்மரமுடையவற்றிற் கயிறாக நிற்பது நூலிழையே. இருநூறு முந்நூறு ஆண்டு சென்ற நூல் விரல் பட்டாலும் இற்றுவிடும். தூசு வாளா கிடப்பதுமன்று. காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்து நூலையும் மரத்தையும் கெடுக்கும். ஆகவே விடவும் ஒண்ணாது, தொடவும் ஒண்ணாது.

இதில் வல்லார் பாய்மரத்தின் உச்சியிற்றொடங்கிக் கீழ்நோக்கி வருவர். மென்மயிர்த் தூரிகையாற் றூசை எழுப்பி, வாயில் வலைத்துணி கட்டிய உறிஞ்சுகுழலை அருகே பிடித்து மெல்ல வாங்குவர். துணி கட்டுதல், கழன்ற சிற்றுறுப்பு ஏதேனும் குழலினுட் போய்விடாமைப் பொருட்டு. இறகுத் துடைப்பத்தை அணுகவிடார். இறகு கயிற்றிற் சிக்கும். வாயால் ஊதுதலையும் விலக்குவர். மூச்சின் ஈரம் தூசினை மரத்தோடு ஒட்டுவிக்கும். ஊதும் விசை அதனை இன்னும் உள்ளே செலுத்தும்.

வாயால் ஊதுதல் என்றவளவில், அன்பர்க்குச் சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார் வரலாறு நினைவுக்கு வரும். அயவந்தியிற் சிவலிங்கத் திருமேனியின்மேற் சிலந்தி விழக் கண்ட அம்மையார், பதைத்து வாயால் ஊதித் துமிந்து அதனைப் போக்கினார். நாயனார் அதனை அனுசிதமென்று கொண்டு அவரைத் துறந்தார். அன்றிரவு இறைவன் கனவிற்றோன்றி, ஊதிய இடம் ஒழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளங்கொண்ட தன் திருமேனியைக் காட்டினான். விதி கடந்த அன்பு ஆண்டு ஏற்கப்பட்டதன்றோ, கப்பலுக்கு மட்டும் விதி பெரிதோ எனின், கூறுதும்.

ஆண்டு ஊதப்பெற்றவன் முற்றறிவினன். அம்மையார் உள்ளத்தை உள்ளவாறு அறிந்து, செயலை அவ்வுள்ளத்தால் அளந்தான். கப்பலோ சடம். தன்னைத் தொடுவார் நெஞ்சு அன்பால் நெகிழ்ந்ததோ, கூலிக்கு வந்ததோ என்பதை அது அறியாது. கையின் கனம் ஒன்றே அதற்குப் புலனாவது. அறியும் பொருளிடத்து அன்பு முந்தலாம். அறியாப் பொருளிடத்து அவ்வன்பே முறையைக் கற்றுக்கொண்டு வருதல்வேண்டும். பழைய ஏட்டுச்சுவடிகளை ஆர்வமிகுதியால் விரைந்து பிரித்து ஓரம் உதிர்த்தவர் நம்மவருட் சிலரல்லர். ஆர்வத்தைக் குறை கூறுகின்றிலேம். உதிர்ந்த எழுத்து ஆர்வத்தால் மீளாது என்றே கூறுகின்றேம்.

இவ்விரண்டற்கும் இடையே நிற்பார் மக்கள். நோயாளியும் இளமாணாக்கனும் நம் அன்பை ஒருவாறு அறிவர். அறிந்தும் நம் கையின் கனத்தைத் தாங்கமாட்டார். மடங்களிற் பாடஞ் சொல்வோர் மாணாக்கன் குற்றத்தைக் களையும்போது, ‘அன்பினாற்றானே கடிந்தோம்’ என்று அமைதியுறுதல் கேட்கின்றோம். அவ்வமைதி திருநீலநக்கர் தேவியார்க்கு உரியதேயன்றி இவர்க்கு உரியதன்று. இவர் தொடுவது சிவலிங்கமன்று ஆகலின்.

இன்னும் ஒன்று. பிற்காலத்து மாதிரிகள் சிலவற்றிற் பீரங்கி, நங்கூரம் முதலியன ஈயத்தால் வார்க்கப்பட்டிருக்கும். ஓக்கு முதலிய மரங்களாலாகிய பேழையினுள் அடைபட்டிருப்பின், அம்மரம் கக்கும் புளிப்பாவி ஈயத்தைத் தாக்கி வெண்பொடியாக்கும். காண்பார்க்கு அதுவும் தூசே. உண்மையில் அது புறத்திருந்து வந்து படிந்ததன்று. அவ்வுறுப்பே பொடியாகி நிற்பது. செம்பிற் களிம்புபோல உடன்றோன்றியது என்றலும் பொருந்தாது. ஈயத்திற்கு அப்புளிப்பு இடையில் வந்ததே. அப்பொடி நஞ்சுமாம். ஆதலின் அறிந்தார் வெண்மை கண்டவுடன் தூரிகையை எடுப்பதில்லை. முதற்கண் பேழையின் மரம் யாது என்று வினவுவர்.