கண்ணுக்கு இருப்பது

உடைந்ததைச் சரிசெய்வது என்றால் என்ன என்ற கேள்வி எனக்குப் புத்தகங்களிலிருந்து வரவில்லை. 1989 டிசம்பரில் அப்பாவின் புல்லட்டிலிருந்து நான் உடைத்த, தீப்பெட்டி அகலமே உள்ள ஓர் இரும்புத் துண்டிலிருந்து வந்தது. துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. வண்டி கைமாறிவிட்டது. அப்பா இல்லை.

காற்றால் குளிரும் எஞ்சினில், சிலிண்டரைச் சுற்றித் தட்டுத் தட்டாக நிற்கும் தகடுகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மெக்கானிக்குகள் ஃபின் என்பார்கள். உள்ளே பெட்ரோல் எரிகிற சூட்டில் ஒரு பகுதி சிலிண்டர் சுவருக்கு வந்து, சுவரிலிருந்து ஃபின்னின் அடிக்குப் போய், அடியிலிருந்து நுனிவரை பரவி, போகிற வழியெல்லாம் காற்றில் கரைகிறது. ஃபின்னுக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது. அது அசைவதில்லை, எதையும் சுமப்பதில்லை. காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதே அதன் உழைப்பு. எஞ்சினின் மற்ற உறுப்புகளுக்கு வெளிப்புறம் என்பது வெறும் மூடி. ஃபின்னுக்கு வெளிப்புறமே தொழில்.

அப்பாவின் வண்டி 1978 மாடல் 350. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் உருவான வடிவம். இந்திய ராணுவம் 800 வண்டிகள் கேட்டதன் விளைவாகச் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கி, தாய் வீட்டில் தொழில் நின்றுபோன பிறகும் இங்கே உயிரோடிருந்த வண்டி. ஹெட் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு கரி இருக்கிறது. அதில் பெரும்பகுதி, பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட், மெல்லிய செதில்களாக உள்ளே சிதறிக் கிடக்கிறது. அழுத்தினால் தாங்கும். நெம்பினால் வளையாது, பிளந்துவிடும்.

அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். சிலிண்டருக்கு அடியில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. காஸ்கெட்டை மாற்றி வைத்து அவரிடம் பாராட்டு வாங்க ஆசைப்பட்டேன். ஒட்டிக்கொண்டு வர மறுத்த சிலிண்டரை, ஃபின்னுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். எந்தப் பட்டறைப் பையனும் முதல் வாரத்திலேயே செய்யக்கூடாது என்று கற்றுக்கொள்கிற காரியம். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வருகிறார். இரண்டு கட்டிகளை ஒன்றாகப் பிசைந்து வைக்கிற எம்-சீல் வாங்கி, உடைந்த இடத்தில் வைத்து, விரலால் நீவி, காய்ந்ததும் அரத்தால் சீவி, சூடு தாங்கும் பெயிண்ட் அடித்தேன். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே இடம் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா தினமும் விடிவதற்கு முன் வண்டியைத் துடைப்பார். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி ஃபின் ஃபின்னாக உள்ளே விட்டு இழுப்பார். மார்கழி. ராத்திரிப் பனியில் இரும்பு சில்லிட்டுப் போயிருந்தது. மேலிருந்து மூன்றாவது ஃபின்னில் அவர் கை நின்றது. துணியை எடுத்துவிட்டு வெறும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னடா, இது மட்டும் சில்லுனு இல்லே?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு நாலாவது ஃபின்னுக்குப் போய்விட்டார்.

இரும்பு சில்லென்று இருப்பதாக நாம் சொல்வது, அது நம் விரலின் சூட்டை வேகமாக வாங்கிக்கொண்டு போவதைத்தான். பக்கத்திலேயே அதே குளிரில் இருக்கிற பசை வாங்கிக்கொள்வதில்லை. வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறனை ஏறத்தாழ 50 என்று வைத்தால், சாதாரண எபாக்ஸியினுடையது 0.2 அளவில் நிற்கிறது. 250ல் ஒரு பங்கு. உலோகத் தூள் கலந்தால் சில மடங்கு கூடும், இரும்பை எட்டாது. எஞ்சினின் சூட்டுக்குத் தெரிந்த அதே உண்மை அப்பாவின் விரலுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணை ஏமாற்றுவதற்காகச் செய்த ஒன்றைக் கண்ணால் மட்டும் பார்க்காத ஒரு மனிதர் தொட்டுவிட்டார்.

2

1992ல் சிலிண்டரை ரீபோர் செய்ய லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை பாய் அதை ஒரு கையில் ஏந்திச் சுற்றிப் பார்த்துவிட்டு, நகத்தால் மூன்றாவது ஃபின்னைச் சுரண்டினார்.

"கண்ணுக்கு இருக்கு சார், சூட்டுக்கு இல்லே."

அவர் மூன்று வழி சொன்னார். ஒன்று, பசையைத் தட்டிவிட்டு, உடைந்த விளிம்பை அரத்தால் மழித்து அப்படியே விட்டுவிடுவது. இரண்டு, துண்டு இருந்தால் கொண்டுவந்தால் கேஸில் பித்தளை வைத்து ஒட்டித்தருவது. மூன்று, நிக்கல் ராடு போட்டு வெல்டிங். வெல்டிங்கில் இரும்பே உருகுகிறது. உருகிச் சட்டென்று ஆறும் வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் இறுகி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடலாம். பித்தளை 900 டிகிரி சுமாரில் உருகிவிடும். இரும்பு உருக இன்னும் 200 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் இரும்பு திடமாக இருக்கும்போதே பித்தளை அதைப் பற்றிக்கொள்கிறது. பித்தளை இரும்பைவிட நன்றாகவே சூட்டைக் கடத்தும். ஆனால் சிலிண்டர் முழுவதையும் முதலில் சீராகச் சூடுபடுத்த வேண்டும். ஒட்டிய பிறகு சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். இத்தனை சூட்டில் சிலிண்டரின் வட்டம் கொஞ்சம் கோணிவிடக்கூடும். ஆகவே போர் போடுவதற்கு முன்னால்தான் இதைச் செய்ய வேண்டும். 'இப்பதான் சார் நேரம்' என்றார்.

துண்டு என்னிடம் இருந்தது. ஆனால் பித்தளை வைத்தால் மஞ்சளாக ஒரு கோடு தெரியும், அப்பா கேட்பார், மூன்று வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசை இடையில் இரண்டு தடவை உதிர்ந்தது. இரண்டு தடவையும் நானே திரும்ப வைத்தேன். ஒரு பொய்யைப் பராமரிப்பதற்கும் உழைப்பு வேண்டியிருக்கிறது. பித்தளை ஒட்டுக்கு ஆகும் உழைப்பைவிட அது அதிகமாகவே ஆயிற்று.

1994ல் அப்பா காலமானார். 1997ல் வண்டியை ஓர் இளைஞருக்கு விற்றேன். அவர் ஃபின்னைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

3

என் சார்பில் வாதாடுவது எளிது. அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபின்னின் அடிதான் சூடு. நுனிக்குப் போகப் போகச் சூடு குறைகிறது, ஆகவே நுனி காற்றுக்குக் கொடுப்பதும் குறைவு. 1922லேயே ஹார்ப்பர், பிரவுன் என்ற இருவர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நுனியில் ஒரு துண்டு போனால், அந்தப் பரப்பின் விகிதத்தைவிடக் குறைவாகவே குளிர்ச்சி குறையும். அதையும் பக்கத்து ஃபின்கள் ஏற்றுக்கொண்டுவிடும். வண்டி முன்போலவே ஓடிற்று. இளைஞர் சந்தோஷமாக ஓட்டிப்போனார். விளைவுகளை மட்டும் நிறுக்கும் தராசில் இந்தக் குற்றத்துக்கு எடையே இல்லை.

ஆனால் இந்த வாதம் தன்னையே அறுத்துக்கொள்கிறது. அந்தத் துண்டு இல்லாமல் ஒன்றும் கெட்டுவிடாது என்றால், இருப்பதுபோல் காட்ட வேண்டிய அவசியம் என்ன? இடைவெளியை மழித்து விட்டிருந்தால் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, குறை எனக்குத்தான். எஞ்சினுக்குத் தேவைப்படாத ஒரு துண்டு என் மானத்துக்குத் தேவைப்பட்டது. நான் ரிப்பேர் செய்தது சிலிண்டரை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு பழைய உதாரணம் உதவும். 1894ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்கள் உண்டு, பாட்டுகள் இல்லை. ஏடு தரவில்லை. சிதைந்த பாட்டுகளில் சிதைவு சிதைவாகவே நிற்கிறது. செய்யுள் இயற்றத் தெரிந்தவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். இரண்டு அகவல் கட்டி அந்த இடத்தில் வைத்திருந்தால் அன்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர் வைக்கவில்லை. இல்லாததன் இடத்தை இல்லாததற்கே விட்டார்.

இத்தாலியில் செஸாரே பிராண்டி சித்திரங்களைப் புதுப்பிப்பது பற்றி வேறொரு வழி வகுத்தார். 1963ல் அவர் கோட்பாடு நூலாக வந்தது. வர்ணம் உதிர்ந்த இடத்தை நெருக்கமான மெல்லிய கோடுகளால் நிரப்பலாம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சித்திரம் முழுமையாகத் தெரியும். கிட்டே வருபவனுக்கு எது பழையது, எது நிரப்பியது என்பது மறைக்கப்படாது.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, தழும்பு தெரிய வேண்டும், தெரிந்தால்தான் நேர்மை என்று ஒரு விதி செய்துவிட எனக்கும் ஆசை இருந்தது. இப்போது அது அவசரம் என்று படுகிறது. பித்தளை ஒட்டின் மேல் பெயிண்ட் அடித்தால் தழும்பு தெரியாது. அது பொய்யா? இல்லை. மறைந்திருந்தாலும் அங்கே சூடு நுனிவரை போகிறது. பெயிண்ட் அடிக்காத பளபளக்கும் பித்தளைக் கோட்டை வருபவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பவனிடம் வேறு விதமான பகட்டு இருக்கலாம். நம் இலக்கியத்தில் தங்கள் காயங்களைத் துடைத்துத் துடைத்து மினுக்கி வைக்கிறவர்கள் இல்லையா?

தெரிவது, மறைவது என்பதில் விஷயம் இல்லை. ஒவ்வொரு பொருளிலும் அதன் வேலை நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் பொய் கூடாது. பாட்டின் வேலை சொல்லில் நடக்கிறது. ஆகவே சொல்லை நிரப்பக்கூடாது. சித்திரத்தின் வேலை பார்வையில் நடக்கிறது. ஆகவே நிரப்பியது பார்வைக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஃபின்னின் வேலை சூட்டில் நடக்கிறது. அங்கே நிறமும் கோடும் எப்படி இருந்தாலென்ன? சூடு கடந்தால் அது ஃபின். கடக்காவிட்டால் ஃபின்னின் படம். வெளிப்புறமே தொழிலாக உள்ள ஓர் உறுப்பில் வெளிப்புறத்தை மட்டும் செய்து வைத்தேன். வேறெந்த இடத்திலும் இவ்வளவு முழுமையாகப் பொய் சொல்லியிருக்க முடியாது.

இந்த அளவுகோலாலும் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. எஞ்சினுக்கு நான் செய்தது சிறிய குற்றம், எஞ்சின் பொருட்படுத்தவில்லை. அப்பா விரலை வைத்துக் கேட்டார். அந்தக் கேள்வியின் வேலை எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது. அவர் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டதைப் பல வருஷங்கள் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறப்பதற்காக விட்ட இடைவெளி அது என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து வருஷம் அவர் காத்திருந்தார். அதை நிரப்பும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. அதை நான் நிரப்பவில்லை.

வண்டியை வாங்கிப்போன இளைஞருக்கு இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். பசை எப்போதோ உதிர்ந்திருக்கும். 'ஒரு ஃபின் உடைஞ்சிருக்கு, பசைதான் வெச்சிருக்கேன்' என்று சொல்ல எனக்கு ஐந்து விநாடி போதும். அதே விலைக்கே அவர் வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.