பாவத்தின் பங்காளிகள்

கொலை செய்த கரம் ஒருவனுடையதாயினும், அக்கொலை நிகழ்வதற்கேற்ற வாழ்க்கையைச் சட்டமாக வகுத்தவர்களையும் அப்பாவம் சாருமா என்ற வினாவுக்கு, செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், உடன்பட்டவன் ஆகிய நால்வரும் வினைப்பயனில் பங்குடையவர் என்று நம் முன்னோர் விடை வகுத்திருக்கின்றனர். பிஜித் தீவின் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிச் சரித்திராசிரியர் பிரிஜ் லால் எழுதியவற்றைப் படிக்கையில் அவ்விடையின் கனம் விளங்குகிறது.

1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 1903 முதல் சென்னையிலிருந்தும் சென்றனர். 100 ஆடவருக்கு 40 பெண்கள் என்பது சர்க்கார் விதித்த விகிதம், ஒப்பந்தம் ஐந்தாண்டு, வேலைக்கு வராமலிருப்பதே தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய கூலி லயன்களில் பெண்கள் வெட்டுண்டு மாண்டபோதும், ஆடவர் தூக்கிட்டு மடிந்தபோதும், பெண்கள் குறைவு, இருப்பவரோ ஒழுக்கமற்றவர், ஆதலால் பொறாமை என்று அதிகாரிகள் காரணம் எழுதி முடித்தனர்.

ஒப்பந்தக் கூலியொருவரின் பேரரான லால், 45,000-க்கும் மேற்பட்ட குடியேற்றச் சீட்டுகளை ஆராய்ந்து, அப்பெண்கள் பல ஜாதிகளிலிருந்தும் வந்தவர்கள், பலர் துணையின்றித் தனியே புறப்பட்டவர்கள் என்று காட்டினார். அவர் 1985-இல் எழுதிய கட்டுரைக்கு நாயகி குந்தி: 1912-இல் வாழைத் தோட்டமொன்றில் தனியே வேலைக்கு விடப்பட்டு, பலாத்காரத்துக்கு முற்பட்ட ஓவர்சியரிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தவள், ஓடத்திலிருந்த சிறுவனால் பிழைத்தவள். ஒழுக்கமற்றவர் என்று ஏட்டிலேறிய கூட்டத்தில், மானத்துக்காக உயிரையே விடத் துணிந்த ஒருத்தியும் இருந்தாள் என்பதை எண்ணும்போது, அந்த ஏட்டைச் சாட்சியமாகக் கொள்ள என் மனம் இசையவில்லை.

அப்படியாயின் மனைவியை வெட்டியவன் நிரபராதியா? அல்லன். பாவத்தின் பங்கு பாகப்பிரிவினைச் சொத்தன்று, பங்காளிகள் பெருகப் பெருக ஒவ்வொருவருடைய கூறும் குறைந்துபோவதற்கு. சட்டம் இயற்றியவன், சர்க்கரையில் லாபம் கண்ட கம்பெனி, கத்தியை ஓங்கியவன் ஆகிய ஒவ்வொருவரையும் அது முழுமையாகவே சாரும்.

வெட்டுண்டவளின் முன்வினை அது என்று கூறுவோரும் நம்மிடையே உண்டு. ஒருத்தியின் துயரத்தைக் கண்டு அவளையே மீண்டும் குற்றவாளியாக்கும் அந்த வியாக்கியானம், ஆராயாமல் அவளைப் பழித்த பிஜி அதிகாரியின் எழுத்தைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததென்று நான் கருதவில்லை. ஏனெனில் அவள் ஏன் கப்பலேறினாள் என்ற கேள்வியை அதுவும் தவிர்க்கிறது; கேட்கத் தொடங்கினால், விதவையையும் கணவனால் கைவிடப்பட்டவளையும் சோற்றுக்குப் பாரமென்று வெறுத்த குடும்பங்களும், அதை ஆசாரமென்று மௌனமாகப் பார்த்திருந்த அண்டை வீட்டாரும், அந்நால்வருள் உடன்பட்டவர் வரிசையில் வந்து நிற்கவேண்டியிருக்கும்.