தோள் கொடுக்க ஆள் இருந்தால் சாய்தளம் வேண்டாமா?

சக்கர நாற்காலியில் வரும் மாணவனை நான்கு நண்பர்கள் சேர்ந்து மாடி வகுப்பறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அந்த நால்வரில் இருவர் ஒருநாள் வராவிட்டால் அவனுடைய பாடம் என்னாகும்? கழிப்பறைக்குப் போக ஒரு நாளில் எத்தனை முறைதான் அவன் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பான்? நண்பர்களின் அன்பு உயர்ந்ததுதான். அந்த அன்பைக் காட்டி ஒரு கல்லூரி தன் கடமையைக் கைகழுவலாமா என்பதே அறக் கேள்வி.

கேரளத்தின் தமிழ் எல்லையோரத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் கோலோச்சும் உயர்கல்விக்குள் நுழைகிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரி காலிகட் பல்கலைக்கழகத்தோடும், மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. மொழிச் சிறுபான்மையாக இருப்பது ஒரு சுமை. பார்வையின்மையோ நடக்க இயலாமையோ அதனுடன் சேரும்போது சுமை இரட்டிப்பதில்லை, பெருகுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பார்வையற்ற மாணவி தேர்வில் விடையைச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். தமிழ் இலக்கியத் தாளுக்கு எழுத வருபவருக்குத் தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஒற்று மிகும் இடம் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. எல்லையோர ஊரில் அப்படி ஒருவரைப் பிடித்துவிடலாம். மேற்படிப்புக்காகக் கோட்டயத்துக்கோ, காலிகட் பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பாலத்துக்கோ போனவள் யாரைத் தேடுவாள்? தேர்வுக்கு முந்தின இரவு தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அவளே தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சினால், மற்றவர்கள் திருப்புதலுக்குச் செலவிடும் நேரம் அவளுக்கு இல்லாமல் போகிறது. சமமான வினாத்தாள் கொடுத்தும் அங்கே நீதி தவறிவிடுகிறது.

தொழில்நுட்பம் இதில் பாதிச் சுமையை இறக்கிவைக்கும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய முயற்சி அது. தமிழையும் மலையாளத்தையும் அதில் கேட்கலாம். ஆனால் ஆசிரியர் கொடுக்கும் குறிப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், திரைவாசிப்பான் பொருளற்ற எழுத்துகளைத்தான் உளறும். பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் அதுவும் கிடையாது. அதே குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்ய ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. புத்தகங்களுக்கும் வழி இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்துக்கு நூல்களை மாற்ற இடம் தருகிறது. இதையே உலக அளவில் வலியுறுத்தும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

சென்னையின் பெனோ செஃபைன் 2015இல் முழுப் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியானார். வீட்டார் வாசித்துக் காட்டியதும் திரைவாசிப்பானும் அவருக்குத் துணை நின்றன. ஆனால் விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பி மாலையில் லயக் குடியிருப்புக்குத் திரும்பும் தாய், பல்கலைக்கழகப் பாடத்தை மகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவார்? படித்த குடும்பத்தில் பிறப்பது பேறு. அந்தப் பேறு வாய்க்காதவருக்கு நிறுவனம்தான் ஈடு செய்ய வேண்டும்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொன்னது. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. அந்தக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. விதிகளில் இருந்த தளர்வைச் சுட்டிக்காட்டி, கட்டாயமான தரங்களை வகுக்கும்படி 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

பணத்துக்கு எங்கே போவது என்று சிறிய கல்லூரிகள் கேட்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. அளவுக்கு மீறிய சுமையைச் சட்டமும் ஏற்றச் சொல்லவில்லை. செங்குத்தான மலைச்சரிவில் சாய்தளம் அமைப்பது சமவெளியில் அமைப்பதைப் போன்றதல்ல. ஆனால் மாடியில் நடக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற நிதி ஒதுக்கீடு தேவையில்லை; கால அட்டவணையைத் திருத்தினால் போதும். புதிதாகக் கட்டும்போதே சாய்தளமும் அகலமான கதவும் வைப்பது, கட்டியதை இடித்துத் திருத்துவதைவிட மலிவு. 2018 ஆகஸ்ட் நிலச்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரி தன் கட்டடத்தை இழந்தது. அப்படி ஒரு கல்லூரியை மறுபடி எழுப்பும்போது வரைபடத்திலேயே எல்லோருக்கும் வழி வைக்காவிட்டால், பிறகு இயற்கையைக் குறை சொல்ல முடியாது.

தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பது மற்ற மாணவர்களுக்கு அநீதி இல்லையா என்பது இன்னொரு வாதம். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் என்று 2013ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் கூறியது. சொல்லி எழுதவைப்பதற்கும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கும் ஆகும் நேரம் அது, சலுகை அல்ல. சிலர் ஏமாற்றக்கூடும் என்ற அச்சம் இருக்கலாம். அந்த அச்சத்துக்காக உண்மையாகத் தேவைப்படுபவரைத் தண்டிக்கக் கூடாது என்பதை 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 40 விழுக்காடு குறைபாடு உண்டு என்ற சான்று இல்லாதவருக்கும் தேவையைப் பார்த்து எழுதுபவரைத் தர வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது.

தொண்டின் பெருமையை இதெல்லாம் குறைத்துவிடாது. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக மூணாறில் 1991இல் தொடங்கிய சிருஷ்டி என்ற தொண்டு அமைப்பு, பயிற்சியும் வேலையும் தந்து பல குடும்பங்களை நிமிரவைத்தது. ஆனால் தொண்டு, கொடுப்பவரின் மனத்தையும் வருவாயையும் நம்பி நிற்கிறது. பட்டப்படிப்பு அப்படி நிற்கக் கூடாது. கேட்டுப் பெறுகிறவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உரிமையாகப் பெறுகிறவர் குறை இருந்தால் முறையிடலாம். பாடத்தில் ஐயம் கேட்பதுபோல வசதியையும் தயங்காமல் கேட்கும் நிலை வந்தால்தான் அந்த மாணவர் வகுப்பில் சமமானவர்.

இந்த உரிமையை உறுதிசெய்யும் பொறுப்பைக் கல்லூரி முதல்வரின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. தமிழ் எழுதத் தெரிந்தவர்களின் பட்டியலைத் தேர்வுக் காலத்துக்கு முன்பே தயாராக வைத்து அவர்களுக்கு ஊதியம் தருவதும், பாடக்குறிப்புகளை யூனிகோடில் கேட்டு வாங்குவதும் காலிகட், மகாத்மா காந்தி ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடியவை. சேர்க்கை நாளன்றே மாணவரை உட்காரவைத்து என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்வது கல்லூரியின் வேலை. கருவிக்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். நண்பர்கள் அப்போதும் கூடவே வருவார்கள். தூக்குவதற்காக அல்ல, பேசிக்கொண்டு நடப்பதற்காக.